ஷப்தாயின் நீண்ட மூச்சு

ஒரு வாய்த் தண்ணீர், ஒரு மூச்சு, ஒரு சட்டை. சலவைக்கடையில் ஷப்தாயின் கணக்கு அது. கன்னங்கள் உப்பத் தண்ணீரை வாயில் நிறைத்துக்கொண்டு, மேசையில் விரித்த சட்டையின் மேல் குனிந்து ஊதுவார். காலரிலிருந்து கீழ் மடிப்பு வரை பனி இறங்கியதுபோல ஈரம் படியும். பக்கத்து மேசைக்காரன் அதே சட்டைக்கு மூன்று தடவை ஊதுவான், இரண்டு தடவை இருமுவான்.

எருசலேமில் சந்தைக்குப் பின்னால் இருக்கிற சந்துகளில், சிரியாவின் அலெப்போவிலிருந்து வந்த யூதர்கள் ஏறக்குறைய நாற்பது குடும்பங்களாக இருந்தார்கள். அவர்களுடைய ஜெபக்கூடத்துக்கு வெள்ளிக்கிழமை மாலை வருகிற வெள்ளைச் சட்டைகளில் பாதி ஷப்தாய் இஸ்திரி போட்டவை. அவரை அதற்காக யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. மூச்சுக்காகத்தான்.

விடியற்காலைத் தொழுகையில் 'இஸ்ரவேலே, கேள்' என்று தொடங்கும் அந்த ஒரு வரி வரும். ஆறு சொற்கள். வலது கையால் கண்களை மூடிக்கொண்டு சொல்ல வேண்டும். ஆறாவது சொல் எஹாத், அவர் ஒருவரே. எல்லோரும் அதைக் கொஞ்சம் நீட்டுவார்கள். ஷப்தாய் நீட்டினால் கூடமே காத்திருக்கும். முதல் எழுத்தில் கடவுள் ஒருவரை மனத்தில் நினைக்க வேண்டும். நடு எழுத்தில் ஏழு வானங்களும் கீழே ஒரு பூமியும். கடைசி எழுத்தில் நாக்கைப் பல்லில் ஒட்டவைத்துக் காற்றை மெல்லக் கசியவிட்டு, மனத்தால் நான்கு திசைகளுக்கும் போய்த் திரும்ப வேண்டும். மற்றவர்கள் கிழக்கிலிருந்து தெற்குக்குப் போவதற்குள் மூச்சு முட்டிக் கண்ணைத் திறந்துவிடுவார்கள். ஷப்தாய் மேற்கையும் வடக்கையும் நிதானமாகப் பார்த்துவிட்டுத்தான் கையை இறக்குவார்.

"நம்ம ஷப்தாய் எஹாத் சொல்ல ஆரம்பிச்சா, நான் கடைக்குப் போயி ரெண்டு கெண்டை மீன் வெட்டிக் குடுத்துட்டு வந்துடலாம்" என்பார் மீன்கடை ஸாக்கி. இருவரும் ஒரே பெஞ்சில் முப்பது வருஷம் உட்கார்ந்தவர்கள். ஸாக்கியும் நீட்டிப் பார்ப்பார். முடியாது. முகம் சிவந்து, கடைசியில் கதவு கிறீச்சிடுவதுபோல ஒரு ஓசையோடு முடியும். அதற்குக் கூடத்தில் சிரிக்கக் கூடாது என்பதால் எல்லோரும் புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிக்கொள்வார்கள்.

எஹாத்தை நீட்டுகிறவனுக்கு நாட்களும் ஆண்டுகளும் நீட்டித் தரப்படும் என்று ஒரு வாக்கு உண்டு. ஷப்தாய் அதற்காக நீட்டவில்லை. அந்த இருட்டில், மூச்சு போய்க்கொண்டிருக்கும்போது, தான் இல்லாமல் போகிற ஒரு இடம் அவருக்குத் தெரிந்திருந்தது. இஸ்திரிப்பெட்டி இல்லை, அழுக்குத்துணி இல்லை, அலெப்போவில் விட்டுவந்த வீடு இல்லை. மூச்சின் கடைசி நுனியில்தான் அது வரும். அதனால் நுனியைத் தள்ளித் தள்ளி வைத்தார்.

மனிதனுக்கு மூச்சு அளந்துதான் கொடுக்கப்பட்டிருக்கிறது என்றும் நம்பினார். பேச்சு அதில் ஒரு வீண்செலவு. வீட்டுக்கு வந்தால் ஒரு சொல், இரண்டு சொல். மனைவி லத்தீஃபா இருவருக்குமாகச் சேர்த்துப் பேசினாள். அலெப்போ ஊர்க்கதை, சந்தை விலை, புவெனஸ் ஐரிஸில் இருக்கும் மகன் செலீமின் கடிதம். அவர் தலையை ஆட்டுவார். கேள்வி வந்தால் 'சரி' என்பார்.

"சாமிக்கு ஒரு சொல்லு சொல்ல உங்ககிட்ட அவ்வளவு நீள மூச்சு இருக்கு. எனக்கு மட்டும் 'சரி'. அதையும் பாதி முழுங்கிட்டுத்தான் சொல்றீங்க."

"சரி" என்றார் ஷப்தாய். அவள் சிரித்தாள். அப்போது அது ஒரு வேடிக்கையாக இருந்தது.

*

சாகக் கிடக்கிறவர்களிடம் அவரை அழைத்துப் போகும் வழக்கம் ஒரு கொத்தனாரின் மரணத்தில் தொடங்கியது. எஹாத் என்ற சொல்லில் உயிர் பிரிவது பாக்கியம் என்பதால் கட்டிலைச் சுற்றி நின்று எல்லோரும் அந்த வரியைச் சொல்வார்கள். ஆனால் சாகிறவர் எப்போது மூச்சை விடுவார் என்று யாருக்குத் தெரியும்? நிற்கிறவர்கள் சொல்லி முடித்துவிடுவார்கள், அவர் பாக்கியிருப்பார். மறுபடி சொல்வார்கள். கொத்தனார் வீட்டில் அப்படி ஏழு தடவை ஆயிற்று. எட்டாவது தடவை ஷப்தாய் உள்ளே வந்து சேர்ந்துகொண்டார். அவர் நீட்டிக்கொண்டிருக்கும்போதே கொத்தனார் போய்விட்டார். அகலமான வாசலில் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போவதுபோல அவ்வளவு சுலபமாக நடந்தது என்று கொத்தனாரின் தம்பி சொல்லித் திரிந்தான்.

அதற்குப் பிறகு இருபது வருஷம். எந்த வீட்டிலிருந்தும் ஆள் வரும். ஷப்தாய் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கிளம்புவார். காசு வாங்கமாட்டார், காப்பிகூடக் குடிக்கமாட்டார். கட்டிலருகே நின்று, மூக்கால் இழுத்து, வயிற்றுக்குள் இறக்கி, கண்ணை மூடித் தொடங்குவார். கையை இறக்கும்போது முடிந்திருக்கும். 'ஷப்தாயின் எஹாத்துக்குள் போனார்' என்பது அந்தச் சந்துகளில் ஒரு நல்ல சாவுக்கு அடையாளமாகிவிட்டது.

இத்தனை பேரை அனுப்பிவைத்தவர், ஒருவர் சாவதைக்கூடப் பார்த்ததில்லை. அது அவருக்கே பின்னால்தான் உறைத்தது.

லத்தீஃபாவுக்கு இதயம் பலவீனப்பட்டபோது முதலில் போனது பேச்சு. ஒரு வாக்கியத்தை மூன்றாக உடைத்து, இடையிடையே மூச்சு வாங்கினாள். அவள் நிறுத்துகிற இடங்களில் வீடு நிசப்தமாக இருக்கும். அந்த இடைவெளிகளை அவர் நிரப்பியிருக்கலாம். அவருக்கு அது தோன்றவில்லை. அவள் முடிக்கட்டும் என்று மரியாதையாகக் காத்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். இடது கையில் நரம்பு கிடைக்காமல் வலது கையில் ஊசியைக் குத்தி, கை அசையாமலிருக்க ஒரு பலகையை வைத்துச் சுற்றி, கட்டிலின் கம்பியோடு கட்டியிருந்தார்கள். சொட்டுமருந்துக் கம்பம் அந்தப் பக்கம் நின்றதால் ஷப்தாய் இடது பக்கம் நாற்காலி போட்டுக்கொண்டார். லத்தீஃபாவின் தங்கை பஹியா தினமும் வந்து அரிசிக்கஞ்சி ஊட்டினாள். "இடது கையால சாப்பிட எனக்கு என்ன தலையெழுத்தா" என்று லத்தீஃபா ஸ்பூனைத் தொடவே மறுத்திருந்தாள்.

எட்டாம் நாள், பஹியா பாத்திரம் கழுவப் போயிருந்தபோது, லத்தீஃபா அவரைக் கூப்பிட்டாள்.

"நான் போறப்போ... அந்தக் கையைக் கண்ணுல... வெக்காதீங்க."

"சரி."

"சும்மா சரிங்காதீங்க. பயமா இருக்கு எனக்கு."

அவர் குனிந்து காதை அவள் பக்கம் கொண்டுபோனார்.

"கூடத்துல பொம்பளைங்க மாடியிலேருந்து... நாப்பது வருஷமா உங்க முதுகைத்தான் பாத்தேன். ஒரு தடவை... முகத்தைப் பாத்துட்டுப் போறேன்."

"மூட மாட்டேன், லத்தீஃபா. உன்னைப் பாத்துக்கிட்டே சொல்றேன்" என்றார். ஒரே நேரத்தில் அவர் அவளிடம் இத்தனை சொற்கள் சொல்லிப் பல நாட்கள் ஆகியிருந்தன. அவள் திருப்தியாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

மறுநாள் விடியற்காலை கூடத்தில் பழகிப் பார்த்தார். வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு, எதிர்ச்சுவரைப் பார்த்தபடி அந்த வரியைச் சொன்னார். வந்தது. மூச்சுதான் பாதியாக இருந்தது. பக்கத்தில் ஸாக்கி ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

அன்று காலை பத்து மணி. நல்ல வெளிச்சம். நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, பஹியாவின் தோளைத் தொட்டு, திரையை இழுத்துவிட்டுப் போனாள். பஹியா கால்மாட்டில் நின்றாள். ஷப்தாய் நாற்காலியை முன்னால் இழுத்தார். லத்தீஃபா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தொடங்கினார். ஒவ்வொரு சொல்லாக, அவளுடைய கண்ணைப் பார்த்தபடி ஐந்து சொற்கள் சொன்னார்.

ஆறாவதற்கு மூச்சை இழுத்தபோது அவள் கண்ணில் ஏதோ மாறியது. இருபது வருஷமாக எத்தனையோ கட்டில்களில் அவருக்கு முன்னால் நடந்து, அவர் பார்க்காமல் விட்டது அது. இப்போது பார்த்தார். கை எழுந்து கண்ணை மூடிக்கொண்டது.

பழக்கம் என்று பிறகு எல்லோரிடமும் சொன்னார். பழக்கம் மட்டுமல்ல என்பது அவருக்குத் தெரியும்.

இருட்டுக்குள் மூச்சு நன்றாகப் போயிற்று. அதுதான் கொடுமை. வாழ்நாளில் அப்படி ஒரு எஹாத் அவருக்கு அமைந்ததில்லை. வானம் ஏழும் தாண்டி, கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு, மறுபடி கிழக்கு என்று போய்க்கொண்டே இருந்தது. நன்றாக வருகிறது என்று ஒரு கணம் நினைக்கவும் செய்தார். கையை இறக்கியபோது லத்தீஃபா இல்லை. பஹியா தலைமாட்டுக்கு வந்து அவளுடைய இமைகளை இறக்கி, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டிருந்தாள்.

*

ஏழு நாள் துக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். கிழித்த சட்டை, துணி போர்த்திய கண்ணாடி, பருப்பும் அவித்த முட்டையும். வந்தவர்களெல்லாம் ஒன்றையே சொன்னார்கள்: கொடுத்துவைத்தவள், சொந்தப் புருஷனின் எஹாத்துக்குள் போனாள்.

கடைசி நாள், ஆட்கள் போன பிறகு, பஹியா முட்டை ஓடுகளைப் பெருக்கியபடி நிமிராமல் சொன்னாள்: "அவ கையைத் தூக்கினா, அபு செலீம்." செலீமின் அப்பா என்றுதான் எப்போதும் அவரைக் கூப்பிடுவாள்.

அவர் பார்த்தார்.

"நீங்க நீட்டிக்கிட்டு இருந்தப்போ. தூக்கினா, விழுந்துடுச்சு." துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "நீட்டினவங்களுக்கு நாள் நீளும்னு சொல்வாங்கல்ல? நீண்டுடுச்சு உங்களுக்கு. இருங்க."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது? தன் கையைப் பிடித்து இறக்கத்தான் அவள் தூக்கியிருப்பாள். முகத்தைக் காட்டு என்று. எட்டவில்லை.

கூடத்துக்குப் போவதை அவர் நிறுத்தவில்லை. ஆனால் எஹாத் எல்லோருக்கும் முன்னால் முடிந்துவிட்டது. மூச்சு அப்படியேதான் இருந்தது. கடையில் ஒரு வாய்த் தண்ணீர் இன்னும் ஒரு முழுச் சட்டைக்கு வந்தது. கையைக் கண்ணில் வைத்தவுடன் ஒரு கை மேலே எழுவது தெரியும். உடனே சொல்லை முடித்துவிட்டுக் கண்ணைத் திறப்பார். கூடத்தைக் கவனித்துக்கொள்ளும் ஓவாதியா சில நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு, நேரம் மிச்சமாவது நல்லதுதான், ஆனால் ஏதோ விளக்கை அணைத்த மாதிரி இருக்கிறது என்றார். சாவு வீடுகளிலிருந்து வந்தவர்களை ஷப்தாய் திருப்பி அனுப்பினார். நெஞ்சு சரியில்லை என்றார். மூன்று வருஷம் அப்படிப் போயிற்று. இரவில் வீட்டில் பேசிப் பார்ப்பார். இன்றைக்கு இத்தனை சட்டை, செலீம் போட்டோ அனுப்பியிருக்கிறான், வெங்காயம் விலை ஏறிவிட்டது. சேமித்துவைத்த மூச்செல்லாம் இருந்தது. வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

நான்காம் வருஷம் மழைக்காலத்தில் ஸாக்கி படுத்தார். கல்லீரல். ஓவாதியா கடைக்கே வந்துவிட்டார்.

"என்னால ஆகாது" என்றார் ஷப்தாய்.

"அந்த ஆளு மூணு நாளா இழுத்துக்கிட்டு கிடக்கறான். நீ வராம சாக மாட்டானாம். பொண்ணு சமைக்கிறதா, அழறதான்னு தெரியாம நிக்கிறா. உனக்கு வேண்டாம்னா வந்து அதை அவன் மூஞ்சிக்கு நேரா சொல்லு."

போனார். ஸாக்கி மஞ்சள் பூத்துக் கிடந்தார். எத்தனை தடவை துடைத்தும் அந்த அறையில் மீன்வாடை போகவில்லை.

"வந்துட்டியா" என்றார் ஸாக்கி. "நல்லா நீட்டணும். பாதியில விட்டே... உன் சட்டையிலெல்லாம் மீன்வாடை அடிக்க வெப்பேன்."

ஷப்தாய் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"கண்ணை மூடு. இப்படிப் பாத்தா பயமா இருக்கு."

"மூடல. பாத்துக்கிட்டே சொல்றேன். நீ சொல்லு, நான் கூட வர்றேன்."

ஸாக்கிக்கு ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சுதான் இருந்தது. சில சொல்லுக்கு அதுவும் இல்லை. ஷப்தாய் அவர் இழுக்கும்போது இழுத்தார், விடும்போது விட்டார். சிறு மூச்சுகள். காற்று தொண்டையைத் தாண்டி உள்ளே இறங்குவதற்குள் திரும்பிவிடும். அப்படி மூச்சுவிடுவது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்கு மூன்றாவது சொல்லிலேயே தெரிந்துவிட்டது. நெஞ்சு துடித்தது. லத்தீஃபா ஒரு வருஷம் இப்படித்தான் மூச்சுவிட்டாள். அவர் ஒரு நாளாவது அவளுடைய அளவுக்கு மூச்சுவிட்டுப் பார்த்திருக்கலாம்.

ஸாக்கியின் கண்ணில் அது வந்தது. அன்று பார்த்த அதுவேதான். அவர் முகத்தைத் திருப்பவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தால் அது வெறும் பயம். குழந்தைகளுக்கு வருவதுபோல. யாராவது பக்கத்தில் இருந்தால் போதும் என்கிற பயம்.

எஹாத்தில் ஸாக்கியின் வலது கை போர்வையிலிருந்து எழுந்தது. மார்பைத் தாண்டி, தாடிவரை வந்து, நடுங்கி விழுந்தது. கண்ணை மூடிக்கொள்ளப் பார்க்கிறார். எழுபது வருஷப் பழக்கம். ஷப்தாய் அந்தக் கையை எடுத்து அவருடைய கண்களின் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டார். ஸாக்கியின் மூச்சு எவ்வளவு தூரம் போயிற்றோ அவ்வளவு தூரம் தானும் போய், அங்கேயே சொல்லை முடித்தார். தெற்கைக்கூடத் தொடவில்லை.

கைக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இதுக்கா உன்னைக் கூப்பிட்டேன்?" என்றார் ஸாக்கி. ஒன்பது நாள் கழித்துத்தான் இறந்தார். தூக்கத்தில், யாரும் அருகில் இல்லாதபோது. அதுவரை, பார்க்க வந்தவர்களிடமெல்லாம் ஷப்தாயின் மூச்சு தீர்ந்துபோய்விட்டது என்று திட்டிக்கொண்டிருந்தார்.

ஷப்தாய் அதையெல்லாம் கேட்க நிற்கவில்லை. ஸாக்கியின் வீட்டிலிருந்து நேரே பஹியாவின் வீட்டுக்கு நடந்தார். மழை பெய்து ஓய்ந்திருந்தது. சந்தில் தண்ணீர் ஓடியது. ஒரு கை தாடிவரை எழுந்து விழுந்ததே அவருடைய கண்முன் இருந்தது. லத்தீஃபாவும் அதற்காகத் தூக்கியிருக்கலாம். எஹாத் காதில் விழுந்ததும், சிறுபெண்ணாக இருந்ததிலிருந்து செய்ததுபோல, தன் கண்ணை மூடிக்கொள்ள. அப்படியென்றால் அவள் அவரைத் தேடவில்லை. தொழுதுகொண்டிருந்தாள். இருவரும் சேர்ந்தே கண்ணை மூடியிருக்கிறார்கள். நான்கு வருஷமாக இது தோன்றாமல் போயிற்றே என்று வேகமாக நடந்தார். வேறெதையும் நினைக்கவில்லை. நினைக்காமலிருக்கக் கொஞ்சம் முயற்சி வேண்டியிருந்தது.

பஹியா அடுப்படி மேசையில் குட்டிச் சுரைக்காய்களைக் குடைந்துகொண்டிருந்தாள். அரிசியும் கறியும் அடைத்துப் புளிச்சாற்றில் வேகவைக்க. அவர் ஈரக் காலோடு உள்ளே வந்து நின்றதைப் பார்த்து, ஸாக்கி போய்விட்டாரா என்று கேட்டாள். இல்லை என்றார். உட்காரவில்லை.

"பஹியா. அன்னிக்கு அவ தூக்கினாளே. எந்தக் கை?"

குடைகிற கத்தி நின்றது. அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். மூச்சு வாங்குவதை, காலில் சேறு ஒட்டியிருப்பதை, எல்லாவற்றையும் பார்த்தாள். சுரைக்காயை ஒரு சுற்றுச் சுற்றி உள்ளிருந்த சதையை வெளியே எடுத்தாள்.

"வலது" என்றாள்.

"வலதா?"

"வலதுதான். கண்ணுக்குக் கொண்டுபோனா. நான் பாத்தேன்."

ஒன்பது நாள் அந்தக் கட்டிலருகே உட்கார்ந்து கஞ்சி ஊட்டியவள் அவள். பலகை வைத்துச் சுற்றி, கட்டிலின் கம்பியோடு கட்டியிருந்த வலது கையைத் தாண்டித்தான் ஒவ்வொரு ஸ்பூனும் போயிற்று. அந்தக் கை எழ முடியாத கை. அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இடது பக்கம் உட்கார்ந்திருந்தது அவர்.

பஹியா அடுத்த சுரைக்காயை எடுத்தாள். அவரைப் பார்க்கவில்லை. சொன்னது போதுமா என்று காத்திருந்தாள்.

"சரி" என்றார் ஷப்தாய்.